ஒரு வில்லையும் இரு கால்களும்

அப்புத்தளையில் பிற்பகலானதும் மூடுபனி மலையேறி வரும். காலையில் தெற்கே கடலோரம் வரை தெளிந்து கிடந்த வெளி, ஒரு கோப்பைத் தேநீர் அருந்தி முடிப்பதற்குள் வெண்திரைக்குள் மறைந்துவிடும். கமரா வைத்திருப்போருக்கு ஒளியின் அருமையைக் கற்பிக்க இவ்வூரைவிடச் சிறந்த பள்ளி வேறில்லை. அத்தகைய பிற்பகலொன்றில் நம் மாணவர் ஒருவர் வீடு தேடி வந்தார்.

“சேர், மாமா கொஞ்சம் பணம் அனுப்பியிருக்கிறார். ஸூம் லென்ஸ் வாங்குவதா, பிரைம் லென்ஸ் வாங்குவதா?” என்று கேட்டார்.

கமரா உள்ள இல்லங்களில் இக்கேள்வி என்றேனும் ஒருநாள் எழுவதே. ஆதலின் அவருக்குக் கூறியதை வாசக அன்பர்களுக்கும் கூற விரும்புகிறோம்.

பிரைம் என்பது குவியத்தூரம் மாறாத வில்லை. 50 மி.மீ. என்றால் என்றும் 50 மி.மீ. தான். உருவம் பெரிதாக வேண்டுமாயின் நாம்தான் முன்னே நடக்க வேண்டும். ஸூம் வில்லையிலோ வளையத்தைத் திருப்பினால் போதும். நின்ற இடத்திலேயே தொலைவிலுள்ளது அருகே வரும். அசையாப் படக் கமராக்களுக்கென 1959 ஆம் ஆண்டில் வொய்க்லாந்தர் நிறுவனம் வெளியிட்ட ‘ஸூமார்’ என்ற 36–82 மி.மீ. வில்லையே 35 மி.மீ. கமராவுக்கான முதல் ஸூம் வில்லையாகும். அதற்கு முன்னர் படம் பிடித்தவர்களெல்லாம் ஒன்று நடந்தார்கள், இல்லையேல் வில்லையைக் கழற்றி மாற்றினார்கள்.

மாணவரிடம் 18–55 மி.மீ. ஸூம் வில்லையோடு கூடிய தொடக்கநிலைக் கமரா ஒன்று இருந்தது. அதில் எடுத்த படங்களைக் காட்டினார். தோமஸ் லிப்டன் 1890 இல் தொழிற்சாலை கட்டிய தம்பேதன்னைத் தோட்டத்தின் மலைச்சரிவுகள், நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கும் பெண்கள், கூடைகள், பனி. எல்லாம் அழகாகவே இருந்தன.

“இந்தப் படத்தில் என் அம்மாவும் இருக்கிறார்” என்றார்.

“எவர்?” என்று வினவினோம்.

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்; மீண்டும் பார்த்தார். அவரால் சொல்ல இயலவில்லை.

இது அவருடைய குறை மட்டுமன்று. வெள்ளையர் காலத்து அஞ்சலட்டைகள் தொட்டு இன்றைய சுற்றுலாப் படங்கள் வரை, நம் மலையக மக்கள் பெரும்பாலும் பச்சை விரிப்பின்மேல் சிந்திய வண்ணப் புள்ளிகளாகவே நிற்கிறார்கள். நாம் சென்று பழகிய இல்லங்கள் சிலவற்றில், பாட்டனாரின் படமென்று உள்ளது ஒன்றே ஒன்றுதான்: 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின்னர் கடவுச்சீட்டுக்காக எடுத்தது. ஒன்றில் முகமே இல்லை. மற்றொன்றில் முகம் உண்டு, அந்த மனிதரின் வாழ்வு இல்லை.

இவ்விரண்டுக்கும் புறம்பான வழியொன்றைக் காட்டியவர் ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார். தமது நாற்பத்தெட்டாம் வயதில், 1863 இல், முதன்முதலாகக் கமராவைக் கையிலெடுத்தவர். அவருடைய முதற் கமராவின் வில்லை 12 அங்குலக் குவியத்தூரம் கொண்டது, மாற்ற இயலாதது. படம் பதிய நிமிடக்கணக்கில் ஆகும். ஆயினும் அவர் பின்வாங்கி நிற்கவில்லை. முகம் சட்டத்தை நிறைக்குமளவு நெருங்கிச் சென்றார். 1875 இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, களுத்துறையில் எளிய மக்களையும் அவ்வாறே எதிரே இருத்திப் படம் பிடித்தார். 1879 இல் டிக்கோயாப் பகுதித் தோட்டமொன்றில் காலமாகி, பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார். காப்பித் தோட்ட முதலாளியின் மனைவிதான் அவர். எனினும் அவர் படத்திலுள்ளவர் நம்மை நேருக்கு நேர் நோக்குகிறார்.

நெருங்குவதற்குக் கால்கள் மட்டும் போதா, ஒளியும் வேண்டும். பிரைம் வில்லையின் மேன்மை இங்கேதான். மாணவரின் ஸூம் வில்லை 55 மி.மீ. நிலையில் எஃப் 5.6 அளவுக்கே திறக்கும். மலிவான 50 மி.மீ. பிரைம் வில்லையோ எஃப் 1.8 வரை திறக்கும். கணக்கிட்டால் ஏறக்குறைய பத்து மடங்கு ஒளி. மங்கிய அறையில் முன்னதற்கு நொடியில் எட்டிலொரு பங்கு நேரம் தேவையெனில், பின்னதற்கு எண்பதிலொரு பங்கு போதும். முன்னதில் தாயின் கை கலங்கித் தெரியும். பின்னதில் விரல் வெடிப்புகளும் விளங்கும். ஆறேழு கண்ணாடிகளே கொண்ட எளிய அமைப்பாதலால் எடையும் குறைவு.

ஆனால் பிரைமே உயர்ந்தது, ஸூம் தாழ்ந்தது என்று தீர்ப்பளித்துவிடலாகாது. பழைய லயத்துக் காம்பரா 10 அடிக்கு 12 அடி. சிறிய உணரி கொண்ட தொடக்கநிலைக் கமராவில் 50 மி.மீ. வில்லையைப் பொருத்தி, ஒரு சுவரோடு முதுகை ஒட்டி நின்றாலும், 10 அடி தொலைவில் 5 அடிக்கும் குறைந்த அகலமே தெரியும். இருவர் அமரலாம், குடும்பம் அடங்காது. 35 மி.மீ. ஆனால் ஆறரை அடி. 18 மி.மீ. ஆனால் 12 அடிக்கு மேல். பாட்டி முதல் பேரக்குழந்தை வரை அனைவரும் அடங்குவர். அதற்கு அந்தப் பழைய ஸூம் வில்லையே உதவும். மாரியம்மன் கோயில் திருவிழாக் கூட்டத்தில் முன்னே செல்ல வழியிராது. விளையாட்டுப் போட்டியில் ஓடுபவரோடு நாமும் ஓட இயலாது. தங்கமலைக் காட்டுப் பறவை நாம் நெருங்கும்வரை காத்திராது. அங்கெல்லாம் நீண்ட ஸூம் வில்லை இன்றியமையாதது. பனித்தூறலில் வில்லையைக் கழற்றி மாற்றும் தொல்லையும் அதனால் குறையும்.

ஆகவே வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள், செலவில்லாதது. இருக்கும் ஸூம் வில்லையை 35 மி.மீ. நிலையில் நிறுத்தி, வளையம் நகராதவாறு நாடா ஒட்டிவிடுங்கள். ஒரு மாதம் அவ்வாறே படம் பிடியுங்கள். பிறகு 50 மி.மீ. நிலையில் இரு வாரங்கள். எது உங்கள் கண்ணோடு ஒத்துவருகிறதோ அந்த அளவில் பிரைம் வாங்கலாம். இரண்டிலும் கை கட்டுண்டதுபோல் தவித்தால் ஸூம் வில்லையே உங்களுக்கு உகந்தது. கைத்தொலைபேசி மட்டுமே உள்ள மாணவர்களும் இதைச் செய்யலாம்: திரையை விரலால் விரிக்காதீர்கள், நடந்து செல்லுங்கள். எதை வாங்கினாலும் ஈரம் படாமல் வையுங்கள்; நம் மலைக்குளிரில் வில்லைக்குள் பூஞ்சணம் பிடிப்பது எளிது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; பழகாத கைக்கு எந்த வில்லையும் கோணல்தான்.

மாணவரிடம் நம்முடைய பழைய 35 மி.மீ. வில்லையை இரவலாகக் கொடுத்தனுப்பினோம். மூன்று வாரங்கள் கழித்து வந்தார்.

“முதலில் அம்மா ஒப்பவில்லை, சேர். ‘என்னை எதற்கடா எடுக்கிறாய், மலையை எடு’ என்றார். கமராவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு நாள் பேசிக்கொண்டுதான் இருந்தேன்” என்றார்.

பின்னர் படத்தை நீட்டினார். காம்பரா வாசற்படியில், கதவு வழியே வந்த ஒளியில், கூடைக் கயிற்றைத் தலையிலிருந்து இறக்கியபடி ஓர் அம்மையார் மகனைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நெற்றியில் கயிறு அழுத்திய தடம் தெரிந்தது.

இம்முறை எவர் என்று நாம் வினவவில்லை. வில்லையை எப்போது திருப்பித் தருவார் என்றும் கேட்கவில்லை.