எஞ்சின் இல்லாத சிறகுகள்



இம்மாதம் ஒரு பிரசங்கக் குறிப்போடு அல்ல, ஓர் அறிக்கையோடு உங்களிடம் வருகிறேன். ஊழியக்காரன் ஆலோசனை சொல்வதில் தவறமாட்டான் என்று நீங்கள் எண்ணியிருந்தால், இதை வாசித்தபின் எனக்காகச் சற்று அதிகமாக ஜெபியுங்கள்.

திருவனந்தபுரத்தில் எங்கள் சபைக்கு வரும் ஒரு குடும்பம், கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து பிழைப்புக்காக வந்து, சாலைக் கடைவீதியில் சிறு பாத்திரக் கடை நடத்துகிறது. ஒரே மகன்; வயது 17. தெர்மோகோலையும் மெல்லிய கார்பன் குழாயையும் கொண்டு, ரிமோட்டினால் இயக்கப்படும் கிளைடர் ஒன்றை அவன் ஆறு மாதம் பாடுபட்டுச் செய்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வராமல், வீட்டிலேயே இருந்து அதன் வாலை ஒட்டிக்கொண்டிருந்தான். ஆராதனை முடிந்து வீடு திரும்பிய தகப்பனார் அதைக் காலால் மிதித்து உடைத்துவிட்டார். மறுநாள் என்னிடம் வந்து சொன்னார். நானோ சற்றும் யோசியாமல், "நல்ல காரியம் செய்தீர்கள். எந்த விக்கிரகமானாலும் உடைபடத்தான் வேண்டும்" என்றேன்.

அதன்பின் மூன்று மாதங்கள் அந்த வீட்டில் தகப்பனும் மகனும் பேசிக்கொள்ளவில்லை. பையன் ஞாயிறுதோறும் தவறாமல் வந்தான்; கடைசி வரிசையில் உட்கார்ந்தான்; ஆனால் பாடவில்லை. உபவாச ஜெபத்தில் அவனுடைய தாயார் கதறி அழுதபோதுதான், உடைந்தது விக்கிரகமா, ஒரு பிள்ளையின் மனமா என்ற கேள்வி என் உள்ளத்தைக் குத்தியது. கொலோசெயர் 3:21-ஐ எத்தனையோ முறை பிரசங்கித்தவன் நான். பிள்ளைகள் மனம் உடைந்துபோகும்படி தகப்பன்மார் நடந்துகொள்ளலாகாது என்பதல்லவா அங்கே பவுல் கொடுக்கும் ஆலோசனை?

அந்நாட்களில் வேறொன்றும் என்னைத் திருத்தியது. ஆகாய விமானத்தைக் கண்டுபிடித்த ரைட் சகோதரர்களின் தகப்பனார் மில்டன் ரைட் ஒரு பேராயர். மனிதன் பறக்கவே முடியாது என்று அவர் பிரசங்கித்ததாக ஒரு கதையை நான் பல ஆண்டுகள் மேடையில் சொல்லி வந்தேன். வரலாற்றில் பதிவாகியிருப்பதோ வேறு. 1878-ஆம் ஆண்டில், ரப்பர் முறுக்கினால் மேலே பறக்கும் ஒரு பொம்மையை வாங்கிவந்து தம் பிள்ளைகளிடம் கொடுத்தவர் அந்தப் பேராயரே. அந்தப் பொம்மைதான் தங்கள் ஆவலைத் தூண்டியது என்று அவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள். 1903 டிசம்பர் 17-இல் எஞ்சினோடு பறப்பதற்கு முன், 1900 முதல் 1902 வரை மணற்குன்றுகளின் சரிவில் எஞ்சின் இல்லாத கிளைடர்களையே அவர்கள் பறக்கவிட்டுப் பழகினார்கள். 1910-இல் தம் 81-ஆம் வயதில் மகன் ஆர்வில்லோடு முதன்முறையாகப் பறந்த அந்தத் தகப்பனார், இன்னும் உயரே போகும்படி மகனிடம் கேட்டாராம்.

பொம்மையைக் கொடுத்த பேராயரையும், பொம்மையை உடைத்ததை மெச்சிய என்னையும் ஒப்பிட்டுப் பார்த்து வெட்கப்பட்டேன். தகப்பனார் கடைக்குப் போய், "நான் சொன்ன ஆலோசனை தவறு" என்று அறிக்கையிட்டேன். இதற்குள் எங்கள் சபை வாலிபன் ஒருவனுடைய துணையோடு பையன் இரண்டாவது கிளைடரைச் செய்து முடித்திருந்தான். அதைப் பறக்கவிடும் நாளில் அவரும் கூட வரவேண்டும் என்று கேட்டேன். அரை மனதோடு சம்மதித்தார்.

திருவனந்தபுரத்தில் விமான நிலையமும் தும்பா ஏவுதளமும் இருப்பதால், நினைத்த இடத்தில் இவற்றைப் பறக்கவிட இயலாது. 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கின்றன. வாலிபன் அந்த வரைபடத்தைப் பார்த்து இடத்தை உறுதி செய்தபின், மார்ச் மாதத்து ஒரு சனிக்கிழமை விடியுமுன் புறப்பட்டு, ஈராற்றுப்பேட்டை வழியாக வாகமண் மலைக்கு ஏறினோம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம், மரமில்லாத புல்மேடுகள், கீழே ஆழ்ந்த பள்ளத்தாக்கு. 2024 மார்ச் மாதத்தில் பன்னாட்டுப் பாராகிளைடிங் விழா நடந்ததும் இந்த வாகமண் மேடுகளில்தான்.

காலை ஒன்பது மணிக்கே மேட்டின் விளிம்பில் நின்றோம். காற்று இல்லை. பையன் ஒரு நூலைக் குச்சியில் கட்டி நட்டுவிட்டு உட்கார்ந்தான். பத்து மணியாயிற்று, பதினொன்றாயிற்று. கடையைப் பூட்டிவிட்டு வந்த தகப்பனாருக்குப் பொறுக்கவில்லை. "பாஸ்டர், இவ்வளவு தூரம் வந்தது சும்மா இருக்கவா?" என்றார். பையன் மூன்று மாதங்களுக்குப் பின் முதன்முறையாக அவரிடம் வாய் திறந்தான்: "அப்பா, இதற்கு எஞ்சின் கிடையாது. காற்று வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்."

நண்பகலுக்குப் பின் மேற்கிலிருந்து காற்று வந்தது. நூல் நிமிர்ந்தது. ஒரு பருந்து சிறகை அசைக்காமல் எங்கள் முன்னே உயர்ந்தது. பையன் கிளைடரைக் காற்றுக்கு எதிர்முகமாக எறிந்தான். அது சற்றே தாழ்ந்து, பின்பு எங்கள் தலைக்கு மேலே எழும்பியது. அரை மணி நேரம் அது இறங்கவேயில்லை.

அது எப்படி என்று வாலிபன் விளக்கினான். கிளைடர் தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்குள் எப்போதும் கீழ்நோக்கித்தான் சறுக்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் மலைச்சரிவில் மோதும் காற்று மேல்நோக்கித் திரும்புகிறது. கிளைடர் இறங்கும் வேகத்தைவிடக் காற்று ஏறும் வேகம் அதிகமானால், அது உயருகிறது. உள்ளே ஒரு சிறு பேட்டரி உண்டு. அது பறப்பதற்காக அல்ல, வாலையும் சிறகின் ஓரத்தையும் அசைத்துத் திருப்புவதற்கு மாத்திரமே. மேட்டின் முன்புறம் இருக்கும்வரை காற்று தாங்கும். விளிம்பைத் தாண்டிப் பின்புறம் போனால், அங்கே சுழன்று கீழிறங்கும் காற்று அதைத் தரையில் அடித்துவிடும்.

பிரியமானவர்களே, காற்றுக்கும் ஆவிக்கும் எபிரெயத்தில் 'ரூவாக்' என்றும் கிரேக்கத்தில் 'நியூமா' என்றும் ஒரே சொல் வழங்குவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நிக்கொதேமுவிடம் ஆண்டவர் காற்றைக் காட்டியே பேசினார் (யோவான் 3:8). நமக்குள்ளும் ஒரு சிறு பேட்டரி உண்டு. அது நம்மை உயர்த்தாது. ஆவியானவர் வீசும் திசைக்கு நேராக நம்மைத் திருப்பிக் கீழ்ப்படிய மாத்திரம் அது போதும். கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களுக்கு ஏசாயா கழுகை ஏன் அடையாளமாகச் சொன்னார் (ஏசாயா 40:31) என்பதை அந்த மேட்டில் நான் கண்ணாரக் கண்டேன்.

ஆயினும் அன்றைய பெரிய பாடம் அதற்குப் பின்பே வந்தது.

பையன் ரிமோட்டைத் தகப்பனிடம் நீட்டினான். நடுங்கும் கைகளோடு அவர் வாங்கினார். கிளைடர் எங்களைவிட்டு விலகிப் போனவரை எல்லாம் சரியாக இருந்தது. அது திரும்பி எங்களை நோக்கி வந்தபோது, வலப்பக்கம் கொண்டுபோக நினைத்து வலப்புறம் திருப்பினார். அது இடப்பக்கம் சாய்ந்தது. பதறி இன்னும் வலப்புறம் அழுத்தினார். கிளைடர் சுழன்று பாறையோரம் விழுந்தது. ஒரு சிறகு பிளந்துபோயிற்று.

அவர் முகம் வெளுத்தது. முதலாவதை வேண்டுமென்றே உடைத்தவர். இரண்டாவதும் அவர் கையிலேயே உடைந்தது. நான் பையனின் முகத்தைப் பார்க்க அஞ்சினேன். அவனோ ஓடிப்போய் அதை எடுத்துவந்து, பையிலிருந்து பசையையும் டேப்பையும் எடுத்தான். "பரவாயில்லை அப்பா. அது நம்மை நோக்கி வரும்போது அதன் வலம் நமக்கு இடம். முதலில் எல்லாருக்கும் இப்படித்தான் தவறும்" என்றான்.

தகப்பனார் புல்லில் உட்கார்ந்தார். வெகுநேரம் பேசவில்லை. பின்பு, "மக்களே, அன்றைக்கு நான் செய்தது தப்பு" என்றார். பையன் பதில் சொல்லவில்லை. பிளந்த சிறகின் மறுமுனையை அவர் கையில் கொடுத்து, "இறுக்கிப் பிடியுங்கள் அப்பா" என்றான். பசை காயும்வரை இருவரும் அதைச் சேர்ந்தே பிடித்திருந்தார்கள்.

பெற்றோரே, ஊரை விட்டு நகரத்துக்கு வந்த நமக்கு இது எத்தனை பொருத்தமானது! நாம் தமிழில் நினைக்கிறோம். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்து மலையாளத்தில் சிரிக்கிறார்கள். நாம் கடையைப் பார்க்கிறோம். அவர்கள் வானத்தைப் பார்க்கிறார்கள். நம்மைவிட்டு விலகும்போது மாத்திரமல்ல, நம்மை நோக்கித் திரும்பி வரும்போதும் அவர்களுடைய வலம் நமக்கு இடமாகவே தோன்றும். அப்போது பதறி அதிகமாக அழுத்தினால் விழுந்துபோகிறது அவர்களே. சற்று நிதானித்து, அவர்கள் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் திசை விளங்கும்.

ஞாயிறு ஆராதனையை விடலாம் என்று நான் சொல்லவில்லை. சனி இரவே திரும்பினோம். மறுநாள் காலையில் மூவரும் சபையில் இருந்தார்கள். பையன் இன்னும் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தான். ஆனால் அன்று தகப்பனாரும் போய் அவன் அருகே உட்கார்ந்தார். ஆராதனை முடிந்ததும் வாலிபனை ஓரமாக அழைத்து அவர் கேட்ட கேள்வி என் காதில் விழுந்தது: "தம்பி, அந்தப் பசை எந்தக் கடையில் கிடைக்கும்?"

ஜெபிப்போமா? பரலோக பிதாவே, எங்கள் பதற்றத்தினால் உடைந்துபோன பிள்ளைகளின் மனதை நீரே சேர்த்துக் கட்டும். அவர்களிடத்தில் எங்கள் தவற்றை ஒப்புக்கொள்ளும் தாழ்மையை எங்களுக்குத் தாரும். உம்முடைய ஆவியானவரின் காற்றுக்குக் காத்திருக்கும் குடும்பங்களாக எங்களை மாற்றும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.