ரத்தப் புற்றுநோய்: ரிப்போர்ட் ‘நார்மல்’... மாத்திரையை நிறுத்தலாமா?

சி.எம்.எல். எனும் நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்க்குத் தினமும் மாத்திரை எடுப்பவருக்கு ‘நார்மல்’ என ரிப்போர்ட் வருகிறது. நோய் போயிடுச்சா? அது எந்த டெஸ்ட் என்பதைப் பொறுத்தது.

இந்த நோயில் 9, 22-ஆம் குரோமோசோம்கள் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. இதனால் இரண்டு மரபணுக்கள் ஒன்றாகி, ரத்த செல்களைக் கட்டுப்பாடின்றிப் பெருக வைக்கின்றன. இந்த இணைப்பைத்தான் ஆய்வகங்கள் தேடுகின்றன.

குரோமோசோம் டெஸ்ட்: மைக்ரோஸ்கோப்பில் வழக்கமாக 20 செல்கள் பார்க்கப்படும்.

ஃபிஷ் டெஸ்ட்: மரபணுக்களில் ஒளிரும் சாயத்தை ஒட்டவைத்து, சுமார் 200 செல்களை எண்ணுவார்கள்.

ஆர்டி-பிசிஆர்: கொரோனா காலத்தில் கேட்ட அதே முறை. இணைந்த மரபணுவின் ஆர்.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்குவதால், லட்சம் செல்களில் ஒன்றைக்கூட கண்டுபிடிக்க முடியும்.

ஆக, முதல் இரண்டு டெஸ்டில் ‘நார்மல்’ என்றால் நோய் நன்றாகக் குறைஞ்சிருக்கு என்றுதான் அர்த்தம். முழுசா போயிடுச்சு என்றல்ல. பிசிஆர் அளவு 0.1 சதவீதத்துக்குக் கீழே வந்தால் சிகிச்சை நல்லபடியாகப் போகிறது. அதைவிட மிகக் குறைந்த அளவு பல ஆண்டுகள் நீடித்தால்தான், சிலருக்கு மாத்திரையை நிறுத்துவது பற்றி டாக்டர்கள் யோசிப்பார்கள். அப்போதும் பிசிஆர் டெஸ்ட் தொடரும். ஒரு ரிப்போர்ட்டை நம்பி, நீங்களாகவே நிறுத்திடாதீங்க.