குலுங்கினால் பிழையா?

பழைய பிரித்தானிய பைக் பற்றிக் கதை வந்தால், எங்கட செற்றில் ஒருத்தர் கட்டாயம் சொல்லுவார்: "வெள்ளைக்காரனுக்கு எஞ்சின் செய்யத் தெரியேல்ல, அதுதான் அந்தக் குலுக்கம். ஜப்பான்காரன் வந்துதான் திருத்தினவன்." நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள்தான், ஸ்பானர் பிடித்துப் பழக்கமில்லை. ஆனாலும் இந்தக் கதையை நாங்கள் ஏற்கமாட்டம்.

எட்வர்ட் டேர்னர் வடிவமைத்து 1937இல் வந்த ட்ரையம்ப் ஸ்பீட் ட்வினை எடுப்பம். 498 சிசி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிலிண்டர். இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். இதுதான் 360 பாகை கிராங்க். சிலிண்டர்கள் மாறி மாறி, சுற்றுக்கு ஒருதடவை, சம இடைவெளியில் வெடிக்கும். அதனால் ஒரே கார்பரேட்டர் இரண்டுக்கும் ஒழுங்காகக் கலவை கொடுக்கும். ஆனால் இரண்டு பிஸ்டனின் எடையும் ஒரே பக்கம் போய்வருவதால், ஒற்றைச் சிலிண்டர் மாதிரியே குலுங்கும்.

180 பாகையில் ஒன்று ஏற மற்றது இறங்கும். மேல்கீழ்க் குலுக்கம் பெருமளவு அடங்கும். பதிலுக்கு எஞ்சின் இடம் வலமாக ஆடப் பார்க்கும். வெடிப்பும் சீரில்லை: இரண்டு கிட்டக்கிட்ட, பிறகு நீண்ட இடைவெளி.

ஹொண்டாவே 1960களின் தொடக்கத்தில் 250 சிசியில் இரண்டையும் செய்தது. அன்றாட ஓட்டத்துக்கான சி72 ட்ரீமுக்கு 360, வேகத்துக்கான சிபி72க்கு 180. சிபி72 நிமிடத்துக்கு 9000 சுற்று வரை போகும். சுற்று இரட்டித்தால் குலுக்கும் விசை நாலு மடங்காகும். அப்ப அங்க 180 தேவைப்பட்டது. ட்ரீமுக்கு 360 போதும். ஒன்று கெட்டித்தனம், மற்றது மொக்குத்தனம் எண்டு இதில் எங்க இருக்கு?

எங்கட பார்வையில் பிரித்தானியரின் பிழை கிராங்கில் இல்லை. 500 சிசிக்குப் பொருந்திய முடிவை, எஞ்சினை 650, 750 எண்டு பெருப்பித்த பிறகும் மாற்றாமல் விட்டதில்தான் இருக்கு. 1967இல் நோர்ட்டன் கொமாண்டோவிலும் அதே 360தான். குலுக்கம் ஓட்டுபவருக்குத் தெரியாமல் இருக்க, எஞ்சினை இறப்பரில் தொங்கவிட்டார்கள். இன்றைய ட்ரையம்ப் பொன்வில்லில் இருப்பதோ 270 பாகை.

ஆகவே அடுத்தமுறை "செய்யத் தெரியேல்ல" எண்டு யாரும் சொன்னால், எத்தனை சிசிக்கு, எத்தனை சுற்றுக்குச் செய்தது எண்டு முதலில் கேளுங்கோ. வரலாறு படிக்கிற எங்களுக்கு அந்தக் கேள்வி புதிதில்லையே.