கிறவல் வீதியில் ‘பிறேக் பிடிக்கவில்லை’ என்றால் யார் பொறுப்பு?

அண்மையில் வன்னியில் ஒரு கிறவல் வீதியால் கெப் வாகனமொன்றில் வந்துகொண்டிருந்தேன். ஏ9 வீதியை ஒட்டி ஓடும் ரயில் பாதையைக் கடந்துதான் பிரதான வீதிக்கு ஏறவேண்டும். அந்தக் கடவையில் கேற் இல்லை, எச்சரிக்கைப் பலகை மட்டுமே உண்டு. கெப்பின் பின்பெட்டி வெறுமையாக இருந்தது. மழை விட்டுக் காய்ந்த வீதியில் வாகனங்கள் ஓடி ஓடி, கூரைத் தகரம் போல வரிவரியாக எழும்பியிருந்தது. சாரதி வழக்கமான இடத்தில் பிறேக்கை மிதித்தார். அவரது காலடியில் பெடல் கடகடவென்று உதறியது. வாகனம் நிற்க நினைத்த இடத்தைத் தாண்டி, தண்டவாளத்துக்கு ஓரிரு அடி முன்பாகப் போய்த்தான் நின்றது. அன்று ரயில் எதுவும் வரவில்லை.

“அண்ணை, பிறேக் பிடிக்கேல்லை” என்றார் சாரதி. இருபது வருடமாக வாகனம் ஓடுபவர் அவர். மறுநாள் கராஜில் சோதித்தபோது பிறேக்கில் ஒரு பிழையும் இருக்கவில்லை. கராஜ்காரர் ஒரு வழி சொன்னார்: “உது ஏபிஎஸ் செய்யிற வேலை. எங்கட ரோட்டுக்கு உது சரிவராது. பியூஸைக் கழட்டி விடுங்கோ.”

இதே ஆலோசனையை வேறு கராஜ்களிலும் கேட்டிருக்கிறேன். அதன் முதற் பாதி பெருமளவு உண்மை. இரண்டாம் பாதி ஆபத்தானது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது அவசியம். ஏனெனில் 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. புதிய வாகனங்கள் வருகின்றன. அவை ஓடவேண்டிய கிராமத்து வீதிகளோ பழையபடியே கிடக்கின்றன. டித்வா புயலுக்குப் பிறகு பல இடங்களில் அவை இன்னும் மோசம்.

ஏபிஎஸ் என்பது பிறேக் போடும்போது சில்லு இறுகிப் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு. சில்லு சுழலும் வேகத்தை ஓர் உணரி அளந்துகொண்டே இருக்கும். சில்லு திடீரென்று நிற்கப்போகிறது என்று கண்டால், கணினி பிறேக் அழுத்தத்தைத் தளர்த்தும். சில்லு மீண்டும் சுழலத் தொடங்கியதும் அழுத்தத்தைக் கூட்டும். ஒரு செக்கனுக்குள் பல தடவை இப்படி நடக்கும். பெடல் உதறுவது இதனால்தான், பழுதினால் அல்ல. சில்லு பூட்டாமல் இருந்தால், பிறேக்கை மிதித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்பி முன்னால் நிற்பவரைத் தவிர்க்கலாம். இந்த அமைப்பின் முதல் நோக்கம் அதுதான்.

மேடுபள்ளமான வீதியில் கதை மாறுகிறது. மேட்டில் ஏறித் துள்ளும் சில்லு ஒரு கணம் நிலத்தை விட்டு எழும்புகிறது, அல்லது நிலத்தில் அதன் பாரம் மிகவும் குறைகிறது. பிறேக் போட்டிருக்கும் நேரத்தில் அப்படி எழும்பிய சில்லு சட்டென்று நின்றுவிடும். சில்லு வழுக்குகிறது என்று கணினி நினைத்து அழுத்தத்தை விடும். சில்லு திரும்ப நிலத்தில் பதிந்து, அழுத்தம் ஏறுவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வாகனம் செக்கனுக்கு ஏறத்தாழ 14 மீற்றர் ஓடுகிறது. மீற்றருக்கு ஒரு வரிமேடு என்றால் செக்கனுக்கு 14 துள்ளல். கணினி தன் வேலையைச் சரியாகவே செய்கிறது, ஆனால் வாகனம் நிற்பதில்லை.

உதிரிக் கிறவலில் இன்னொரு விடயமும் உண்டு. பூட்டிய சில்லு கல்லையும் மண்ணையும் தனக்கு முன்னால் குவித்து, அந்தக் குவியலையே தடையாக்கி வாகனத்தை நிறுத்தும். ஏபிஎஸ் அந்தக் குவியல் உருவாக விடுவதில்லை. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 1990களின் இறுதியில் நடத்திய சோதனைகளில், உதிரிக் கிறவலில் ஏபிஎஸ் உள்ள வாகனங்கள் நிற்பதற்கு எடுத்த தூரம் சராசரியாக 27 வீதம் கூடியிருந்தது. தார் வீதியில், அதுவும் ஈரத்தில், பெரும்பாலும் நிலைமை நேர்மாறாக இருந்தது.

கெப் வாகனத்தில் இது மோசமாவதற்கும் காரணம் உண்டு. பின்பெட்டியில் ஒரு தொன் அளவு பாரம் ஏற்றுவதற்காக, பெரும்பாலான கெப்களில் பின்பக்கம் தடித்த தகடுகளை அடுக்கிய ஸ்பிறிங் பூட்டியிருப்பார்கள். பாரம் இல்லாதபோது அந்த ஸ்பிறிங் வளைந்து கொடுக்காது. பின்சில்லுகள் பந்துபோலத் துள்ளும். பாரத்துக்கென ஏற்றிய காற்றுடன் வெறும் வாகனத்தை ஓடினால், அல்லது ஷொக் அப்சோபர் தேய்ந்திருந்தால், துள்ளல் இன்னும் கூடும்.

அப்படியானால் பியூஸைக் கழற்றினால் என்ன? பல வாகனங்களில் ஏபிஎஸ் தனித்து இயங்குவதில்லை. முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் பிறேக் விசையைப் பங்கிடும் வேலையும், வாகனம் சறுக்கிச் சுழலாமல் தடுக்கும் வேலையும் அதே அமைப்பிடம்தான் இருக்கின்றன. பியூஸ் போனால் அவையும் போய்விடலாம். வெறும் பெட்டியுடன் ஓடும் கெப்பில் பாரம் குறைந்த பின்சில்லுகள் முதலில் பூட்டினால் வாகனம் சுழன்றுவிடும். கிறவலில் சில மீற்றரை மிச்சம் பிடிக்கப் போய், மழை நாளில் ஏ9 வீதியில் எதிரே வரும் பஸ்ஸுக்கு முன்னால் வாகனத்தைக் குறுக்கே நிறுத்துவதுதான் அந்த வைத்தியத்தின் முடிவாக இருக்கும்.

இனி, இதன் பொதுப் பக்கம். 2025 நவம்பர் வரவுசெலவுத்திட்டத்தை ஒட்டி, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் அரச அலுவலகங்களுக்கும் டபுள் கெப் வாங்குவது பெரும் சர்ச்சையானது. எத்தனை வாகனம், என்ன விலை, யாருக்கு என்றெல்லாம் பேசினார்கள். அவை எந்த வீதியில் ஓடப்போகின்றன, யார் ஓட்டப்போகிறார்கள், அவருக்கு என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்று கேட்ட குரல் எதுவும் என் காதில் விழவில்லை. எனக்கு அனுமதிப்பத்திரம் கிடைத்தபோதும் ஏபிஎஸ் பற்றி எவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வருடாவருடம் எடுக்கும் புகைப் பரிசோதனை எஞ்சினின் புகையைப் பார்க்கிறது, பிறேக்கைப் பார்ப்பதில்லை.

விபத்து நடந்தால், “பிறேக் பிடிக்கவில்லை” என்ற சாரதியின் வாக்குமூலத்தை நாங்கள் சாக்காகவே எடுத்துக்கொள்கிறோம். பிறேக் சரியாக இருக்கிறது என்று பரிசோதனை சொன்னால், சாரதியின் கவனயீனம் என்று விடயம் முடிந்துவிடுகிறது. எங்கள் சாரதி சொன்னதும் உண்மை, கராஜில் கண்டதும் உண்மை. இரண்டுக்கும் நடுவே இருந்த வீதியை மட்டும் யாரும் சோதிக்கவில்லை.

அந்த வீதிக்குப் பொறுப்பானவர்கள் இருக்கிறார்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும், அதற்குக் கீழுள்ளவை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்திடமும் பிரதேச சபைகளிடமும் உள்ளன. எல்லாக் கிறவல் வீதிக்கும் காப்பெற் போடக் காசில்லை என்பது விளங்குகிறது. எல்லா இடத்திலும் போடவும் வேண்டியதில்லை. பிறேக் போட்டே ஆகவேண்டிய இடங்கள் சிலதான்: ரயில் கடவை, பிரதான வீதிச் சந்தி, பாடசாலை வாசல், வாய்க்கால் பாலம். அவற்றுக்கு முன்னால் ஐம்பது மீற்றரை மட்டமாக்கித் தார் போட்டாலே, மிதித்த பிறேக்குக்குப் பிடிக்க நிலம் கிடைக்கும். நடப்பதோ பெரும்பாலும் மறுவளம். எல்லோரும் அதே இடத்தில் பிறேக் போடுவதால், வரிமேடுகள் அங்கேதான் அதிகமாக எழும்புகின்றன.

அதுவரை சாரதிகளின் கையில் இருப்பது வேகம் மட்டும்தான். 40 கிலோமீற்றர் வேகத்தை 20 ஆக்கினால், பிறேக்கை மிதித்த பின் நிற்கத் தேவையான தூரம் ஏறத்தாழ நான்கில் ஒன்றாகக் குறையும். கிறவலில் கடவைக்கு வெகு முன்பாகவே கியரைக் குறைத்து, மேடுபள்ளத்துக்குள் இறங்க முன்னரே பிறேக் போட்டு முடியுங்கள். பெடல் உதறினால் பயந்து காலை எடுக்காதீர்கள், விட்டு விட்டு மிதிக்கவும் வேண்டாம். அழுத்திப் பிடித்தபடி ஸ்டியரிங்கைப் பாருங்கள். ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், சேறோ துருவோ உணரியைக் கெடுத்திருக்கலாம். பியூஸைத் தேடாமல் அதைத் திருத்துங்கள்.

எங்கள் கெப்பில் பியூஸ் இன்னும் இருக்கிறது. சாரதி இப்போது அந்தக் கடவைக்கு நூறு மீற்றர் முன்பாகவே இரண்டாம் கியருக்கு வந்துவிடுகிறார். வரிமேடுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அந்த வழியால் பாடசாலை வானும் போகிறது.