பத்து இலட்சம் மெழுகுதிரிகளும் ஒரு மின்குமிழும்

கடைத்தெருவில் விற்பனைக்கு வரும் சில டோர்ச் லைட்டுகளின் பெட்டிகளில் "பத்து இலட்சம் மெழுகுதிரி வலு" என்று கொட்டை எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அடுத்த தட்டில் உள்ள சாதாரண எல்.ஈ.டி. மின்குமிழின் பெட்டியோ "800 லூமென்" என்று அடக்கமாகச் சொல்லும். முன்னையது ஆயிரம் மடங்குக்கு மேல் ஒளி தரும் என்று வாங்குபவர் எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு ஒளியைத் தருபவையாக இருக்கக் கூடும்.

லூமென் என்பது ஒரு விளக்கு எல்லாத் திசைகளிலும் வெளியிடும் மொத்த ஒளியின் அளவு. குறித்த ஒரு திசையில் அந்த ஒளி எவ்வளவு செறிவாகச் செல்கின்றது என்பதைக் கண்டெலா சொல்லும். பிரித்தானியாவில் 1860ஆம் ஆண்டுச் சட்டமொன்று, திமிங்கிலக் கொழுப்பு மெழுகில் செய்த, மணிக்கு 120 கிறெய்ன் எரியும் திரியை ஒளியின் அளவுகோலாக்கியது. அந்த மெழுகுதிரி வலுவின் இடத்தை 1948இல் கண்டெலா பிடித்துக்கொண்டது. இரண்டும் ஏறக்குறையச் சமம்.

ஒன்றை மற்றதாக மாற்றுவதற்கு ஒளிக்கற்றை எவ்வளவு விரிகின்றது என்பது தெரிய வேண்டும். லூமெனைத் திண்மக் கோணத்தால் வகுத்தால் கண்டெலா கிடைக்கும். எல்லாத் திசையும் சமமாக ஒளிரும் ஒரு கண்டெலா விளக்கு 12.57 லூமென் தரும். மேலே சொன்ன டோர்ச்சின் கற்றை 2 பாகை மட்டுமே விரிகின்றது எனக் கொள்வோம். அதன் திண்மக் கோணம் 0.00096 ஸ்டெரேடியன். பத்து இலட்சத்தை அதனால் பெருக்கினால் வருவது சுமார் 960 லூமென். வீட்டு மின்குமிழைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். பத்து மீற்றர் தூரத்தில் அது ஒளியூட்டுவதும் 35 சென்ரிமீற்றர் அகலமான ஒரு வட்டத்தைத்தான்.

கற்றையின் உள்ளே ஒளி சீராகப் பரவுகின்றது என்று கொண்டே இந்தக் கணக்கு. உண்மையான விளக்குகளில் நடுவில் செறிவு கூடியும் ஓரத்தில் குறைந்தும் இருக்கும் என்பதால் விடை அண்ணளவானதே.

இது விஞ்ஞான பாட வகுப்போடு முடிந்துவிடும் விடயமல்ல. பிள்ளையின் படிப்பு மேசைக்கு மேலே 2 மீற்றர் உயரத்தில் 800 லூமென் விளக்கொன்றைப் பொருத்துகின்றோம். அதன் ஒளி 120 பாகைக்கு விரிந்தால் 255 கண்டெலா. சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியை விட்டுவிட்டால், மேசையில் விழுவது 64 லக்ஸ். அதே 800 லூமென் 30 பாகைக்குள் அடங்கினால் 3,700 கண்டெலாவுக்கு மேல். மேசையில் 930 லக்ஸ். வாசிப்பும் எழுத்தும் நடைபெறும் அலுவலகத்துக்கு ஐரோப்பிய நியமம் கேட்பது 500 லக்ஸ். 1990களில் யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்துத் தேறிய தலைமுறைக்கு இந்த வேறுபாட்டின் பெறுமதியை நான் விளக்கத் தேவையில்லை.

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்வேன். "நூறு வீதம் அதிகரிப்பு" என்று செய்தி வந்தால், எதிலிருந்து எதற்கு என்று கேட்பதே ஆசிரிய பீடத்தின் முதல் வேலை. ஒன்று இரண்டானாலும் நூறு வீதம்தான். கோணம் சொல்லப்படாத கண்டெலாவும் அத்தகையதே. எண் சரியாக இருக்கும், வாசிப்பவர் ஏமாறுவார்.

திசைப்படுத்தப்பட்ட விளக்குகளின் பொதியில் லூமெனுடன் கற்றைக் கோணமும் இடம்பெற வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. இலங்கையில் விற்கப்படும் ஒவ்வொரு விளக்குக்கும் டோர்ச்சுக்கும் அவ்விதி வேண்டும், அதுவும் மும்மொழிகளிலும் என்பதே எனது கருத்து. அச்சிடுவதற்கு ஒரு வரி போதும். அதுவரை, மெழுகுதிரிக் கணக்கைக் காட்டும் வியாபாரியிடம் "எத்தனை பாகைக்குள்?" என்று வாசகர்கள் கேட்கத் தொடங்கட்டும்.