கோப்பைத் திறக்காமலே திருத்தலாம்

கணிப்பொறிப் பாடம் என்றவுடன் உங்கள் நினைவுக்கு வருவது எது? சுட்டியைப் பிடித்து நகர்த்துவது, ஓர் ஆவணத்தைத் திறப்பது, எழுத்தைத் தடிப்பாக்குவது, சேமித்து மூடுவது. இவை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கோப்பைத் திறக்காமலே, ஆணை ஒன்றை எழுதி அதன் உள்ளே உள்ள எழுத்துகளைத் திருத்தும் வழி ஒன்று ஐம்பது ஆண்டுகளாக இருந்து வருகிறது. உயர்நிலைப் பள்ளியிலேயே அதைக் கற்றுத் தரவேண்டும் என்பது என் கருத்து.

அது பிறந்த இடம் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் மர்ரே ஹில் என்னும் ஊரில் இருந்த பெல் ஆய்வுக்கூடம். 1969-இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் அங்கே யூனிக்ஸ் என்ற இயக்க அமைப்பை உருவாக்கத் தொடங்கினர். அந்நாளில் அவர்கள் முன் திரை இல்லை. டெலிடைப் என்னும் தட்டச்சு எந்திரம் வினாடிக்குப் பத்து எழுத்து வீதம் காகிதத்தில் அடித்துத் தரும். ஒவ்வோர் எழுத்துக்கும் நேரம் செலவாகும் அல்லவா? யூனிக்ஸ் ஆணைகள் இரண்டெழுத்து, மூன்றெழுத்தாகச் சுருங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதே ஆய்வுக்கூடத்தில் லீ மக்மஹோன் என்பவர் ஒரு வரலாற்றுப் புதிரில் ஈடுபட்டிருந்தார். 1787, 1788 ஆண்டுகளில் அமெரிக்க அரசியல் சட்டத்தை ஆதரித்து 85 கட்டுரைகள் புனைபெயரில் வெளியாயின. அவற்றில் எதை யார் எழுதியது என்பதைச் சொற்களின் வழக்கைக் கொண்டு கண்டுபிடிக்க அவர் விரும்பினார். அன்றிருந்த திருத்தி, கோப்பு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டால்தான் வேலை செய்யும். இந்தக் கட்டுரைகளோ அதற்குள் அடங்கவில்லை. தாம்சன் திருத்தியிலிருந்து தேடும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்துத் தனிக் கருவியாக்கித் தந்தார். அதுவே கிரெப். பின்னர் மக்மஹோனே, தேடுவதோடு திருத்தவும் செய்கிற கருவியை 1973-74-இல் எழுதினார். அதன் பெயர் செட்; 'ஸ்ட்ரீம் எடிட்டர்', அதாவது 'ஓடைத் திருத்தி' என்பதன் சுருக்கம்.

ஓடை என்ற பெயர் பொருத்தமானது. வாய்க்காலில் ஒரு மதகு இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். கோப்பின் முதல் வரி மதகுக்குள் வருகிறது. நீங்கள் எழுதிய ஆணைகள் அதன்மேல் செயற்படுகின்றன. திருந்திய வரி வெளியே போகிறது. அடுத்த வரி உள்ளே வருகிறது. எந்த நேரத்திலும் நினைவகத்தில் இருப்பது அநேகமாக ஒரு வரிதான். ஆகையால் கோப்பு நூறு வரியா, நூறு கோடி வரியா என்பது அதற்கு ஒரு பொருட்டல்ல.

ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்கலாம். ஆங்கிலத்தில் அடித்த பழைய முகவரிப் பட்டியல் ஒன்று உங்கள் பள்ளியில் இருக்கிறது என்று கொள்வோம். நகரின் பெயர் 1996-இல் சென்னை என்று மாறிவிட்டது, பட்டியலையும் மாற்றவேண்டும். செட்டில் மாற்றீட்டு ஆணை இப்படி அமையும்: எஸ்/மெட்ராஸ்/சென்னை/ஜி. எஸ் என்றால் மாற்று. ஜி என்றால் வரியில் வரும் இடமெல்லாம் மாற்று. விசைப்பலகையில் எல்லாவற்றையும் ஆங்கில எழுத்திலேயே அடிக்கவேண்டும்.

அவ்வளவுதானா? இல்லை. ஐ.ஐ.டி. மெட்ராஸ் தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. 'ஐ.ஐ.டி. மெட்ராஸ், மெட்ராஸ் 600 036' என்ற வரியில் முதல் மெட்ராஸ் நிற்கவேண்டும், இரண்டாவது மாறவேண்டும். 'ஐ.ஐ.டி. உள்ள வரிகளை விட்டுவிடு' என்று ஆணையிட்டால் இரண்டும் நின்றுவிடும். எனவே, 'மெட்ராஸுக்குப் பின் 600 வந்தால் மட்டும் மாற்று' என்கிறோம். பட்டியலில் சில இடங்களில் இடைவெளிக்குப் பதில் சிறுகோடு இருக்கும். அதற்கு இன்னோர் ஆணை. அஞ்சல் குறியீட்டு எண் வந்தது 1972-இல். அதற்கு முந்தைய முகவரிகளில் மயிலாப்பூருக்கு மெட்ராஸ்-4 என்றுதான் இருக்கும். அதைச் சென்னை 600 004 ஆக்கப் போனால் மெட்ராஸ்-40 என்பதும் வலையில் சிக்கிக்கொள்ளும். ஆகவே '4-உடன் வரி முடியவேண்டும்' என்று நிபந்தனை போடுகிறோம்.

என் வாதமே இங்கேதான் இருக்கிறது. ஆறேழு ஆணைகளையும் ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் வரிசையாக எழுதி வைத்தால், எந்தெந்த முடிவை எடுத்தோம் என்பதற்கு அதுவே சான்று. தவறு கண்டால் ஸ்கிரிப்டில் ஒரு வரியைத் திருத்தி, மூலப் பட்டியலின் மீது மறுபடி ஓட்டலாம். கையால் சொடுக்கிச் சொடுக்கித் திருத்தியவரிடம், 'இந்த முந்நூறு இடங்களில் என்ன செய்தீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள்! இறுதியில் கிரெப்பைக் கொண்டு இன்னும் மெட்ராஸ் மிஞ்சியிருக்கும் வரிகளை மட்டும் எடுத்து மனிதக் கண்ணால் படிக்கலாம். இவ்விரு கருவிகளையும் குழாய் போல் இணைக்கும் வசதியும் 1973-லேயே வந்துவிட்டது. அதை வற்புறுத்தி வந்தவர் டக் மெக்கில்ராய்.

ஒரு பழக்கத்தை மட்டும் நான் எதிர்க்கிறேன். செட் மூலக்கோப்பைத் தொடுவதில்லை. திருந்திய வரிகளை வெளியே விடுகிறது, நாம் > குறியிட்டு அவற்றைப் புதிய கோப்பில் பிடிக்கிறோம். இது சுற்றுவழி என்று நினைத்துச் சிலர் பழைய கோப்பின் பெயரையே > குறிக்குப் பின் தருகிறார்கள். விளைவு, கோப்பு காலி! செட் ஓடத் தொடங்குமுன்பே ஷெல் அந்தக் கோப்பை எழுதுவதற்காகத் திறந்து வெறுமையாக்கிவிடுகிறது. படிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. அதே இடத்தில் திருத்தும் விருப்பக்குறி ஒன்று பிற்கால செட்டுகளில் உண்டு. அதுவும் உள்ளுக்குள் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதிப் பெயரை மாற்றுகிறது. பழக்கமானவர்கள் அதைப் பயன்படுத்தட்டும். கற்கும் மாணவர் முதலாண்டில் அதைத் தொடவேண்டாம் என்பேன்.

'செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் எல்லாம் செய்து தருமே' என்று சிலர் கேட்கலாம். செய்யும். இத்தகைய ஆணையையே கூட எழுதித் தரும். ஆனால் மெட்ராஸ்-40 வலையில் சிக்குமா என்று அந்த ஆணையைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? ஆணைகள் பார்வைக்கு முரடாக இருக்கின்றன என்ற குறை நியாயமானது. நீண்ட செட் ஸ்கிரிப்டைப் படிப்பது எனக்கும் பிடிக்காது. கணக்குப் போடும் வேலை வந்தால் ஆக் அல்லது பைத்தானுக்குப் போய்விடுவது நல்லது.

தமிழுக்கு வருவோம். இங்கே நாமே ஆராய வேண்டிய வேடிக்கை ஒன்று உண்டு. இந்தக் கருவிகளின் மொழியில் புள்ளிக்குறி என்றால் 'ஏதேனும் ஓர் எழுத்து'. நமக்கு 'கோ' ஓர் எழுத்து. யூனிகோடு முறையில் அது இரண்டு: 'க', அதன்பின் ஓகாரக் குறி. 'க்' என்பதும் இரண்டுதான். க, கா, க், கோ, ஆ ஆகியவற்றை வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் அடித்து, ^.$ என்று கிரெப்பில் தேடிப் பாருங்கள். யூனிகோடு அமைப்புள்ள கணிப்பொறியில் கவும் ஆவும் மட்டுமே வெளிவரும். அடுத்து 'பல மரங்கள், பலாப்பழம், பல் வலி' என்று எழுதிய கோப்பில் 'பல' என்பதைச் 'சில' என்று மாற்றச் சொல்லுங்கள். 'சில மரங்கள்' கிடைக்கும். கூடவே 'சிலாப்பழ'மும் 'சில் வலி'யும் கிடைக்கும். 'பல' தனிச்சொல்லாக வரும்போது மட்டும் மாற என்ன நிபந்தனை போடலாம்? சொல்லுக்குப் பின் இடைவெளி வேண்டும் என்றால், வரியின் கடைசியில் வரும் 'பல' என்ன ஆகும்? முயன்று பாருங்கள்.