தடுப்பதா, தாக்குவதா?



நாளைக்கு உங்கள் அணிக்கு ஓர் ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். எதிரணி பலமானது. போன ஆட்டத்தில் ஐந்து கோல் போட்ட அணி. இன்று மாலை என்ன நடக்கும்? பொம்மையார்பாளையம் போன்ற கடலோர ஊர் என்றால் கரையில் ஏற்றி வைத்த படகின் நிழலில், மற்ற ஊர்களில் மைதானத்து ஓரத்தில், ஒரு பட்டிமன்றமே தொடங்கிவிடும். "எல்லாரும் பின்னாடி நின்னு அடைச்சுட்டா அவங்களால என்னடா பண்ண முடியும்?" என்பான் ஒருவன். "கோல் அடிச்சாத்தானே ஜெயிக்க முடியும்? பயந்து நின்னா நாலு வாங்கிட்டு வரவேண்டியதுதான்" என்பான் இன்னொருவன்.

இந்த விவாதம் வெறும் அரட்டை என்று பெரியவர்கள் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. நடக்கப்போவதை முன்கூட்டியே ஊகிப்பது, அதற்குக் காரணம் சொல்வது, பிறகு நடந்ததோடு ஒப்பிடுவது ஆகியவைதாம் அறிவியலின் அடிப்படை வேலைகள். முதல் இரண்டையும் நம் ரசிகர்கள் நன்றாகவே செய்கிறார்கள். மூன்றாவதில்தான் சறுக்குகிறார்கள். எப்படி என்பதை உண்மையில் நடந்த ஓர் ஆட்டத்தை வைத்துப் பார்ப்போம்.

தோஹாவில் ஓர் இரவு

2022 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் இந்தியாவின் ஆட்டங்கள் 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கின. செப்டம்பர் 5 அன்று குவாஹாட்டியில் இந்தியா ஓமானைச் சந்தித்தது. சுனில் சேத்ரி அடித்த கோலால் நம் அணி வெகுநேரம் முன்னிலையில் இருந்தது. ஆனால் கடைசிப் பத்து நிமிடங்களில் ஓமான் இரண்டு கோல் போட்டு 2-1 என்று வென்றுவிட்டது.

ஐந்தே நாளில் அடுத்த ஆட்டம். இடம் தோஹா, எதிரணி கத்தார். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் கத்தார் ஆசியக் கோப்பையை வென்றிருந்தது. அந்தப் போட்டியின் ஏழு ஆட்டங்களில் அது போட்ட கோல்கள் 19. வாங்கியதோ ஒன்றே ஒன்று! நாம் ஓமானிடம் தோற்ற அதே நாளில் கத்தார் ஆப்கானிஸ்தானை 6-0 என்று நொறுக்கியிருந்தது. போதாக்குறைக்கு, உடல்நலம் சரியில்லாததால் சேத்ரி ஆடவில்லை.

நீங்கள் ரசிகராக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? 'தடுப்புக் கட்சி'க்கு ஆறு கோல் செய்தி ஆதாரம். 'தாக்குதல் கட்சி'க்கு ஓமான் ஆட்டம் ஆதாரம்: முன்னிலையைக் காக்க நின்றே தோற்றோம் அல்லவா என்பார்கள். இரண்டு வாதங்களும் கேட்பதற்குச் சரியாகவே இருக்கும்.

செப்டம்பர் 10 அன்று நடந்தது இது. கத்தார் 27 முறை கோலை நோக்கிப் பந்தை உதைத்தது. ஒன்றுகூட உள்ளே போகவில்லை. கோல் கீப்பரும் அன்றைய தலைவருமான குர்பிரீத் சிங் சந்து பந்து பந்தாகத் தடுத்தார். சந்தேஷ் ஜிங்கனும் ஆதில் கானும் நடுப் பின்களத்தில் சுவராக நின்றார்கள். முடிவு 0-0.

ஆக, தடுப்புக் கட்சி வென்றுவிட்டதா? அவசரப்படாதீர்கள். முதலில் கொஞ்சம் கணக்குப் போடுவோம்.

புளியங்கொட்டை ஆட்டம்

பெரிய போட்டிகளில் சராசரியாக ஏறக்குறையப் பத்து உதைகளுக்கு ஒரு கோல் விழுகிறது. ஒரு பையில் பத்துப் புளியங்கொட்டைகளைப் போடுங்கள். ஒன்றில் மட்டும் மையால் புள்ளி வையுங்கள். பார்க்காமல் ஒன்றை எடுங்கள். புள்ளிக் கொட்டை வந்தால் கோல். எடுத்ததைத் திரும்பப் போட்டுக் குலுக்கிவிட்டு மறுபடி எடுங்கள். இப்படி 27 முறை எடுத்தால் ஓர் ஆட்டம் முடிந்தது. நூறு ஆட்டம் ஆடினால், ஒரு கோலும் விழாத ஆட்டங்கள் சுமார் ஆறுதான் வரும். பத்தில் ஒன்பது என்ற பின்னத்தை 27 முறை தன்னாலேயே பெருக்கிப் பாருங்கள், விடை 0.058 என்று கிடைக்கும்.

இப்போது பையில் 25 கொட்டைகளைப் போடுங்கள். புள்ளி வைத்தது ஒன்றேதான். மறுபடி 27 முறை எடுங்கள். இம்முறை நூற்றுக்கு 33 ஆட்டங்களில் கோல் விழாது. உதைகளின் எண்ணிக்கை மாறவே இல்லை. ஆனால் தப்பிக்கும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கு மேல் கூடிவிட்டது!

இது ஒரு மாதிரிக் கணக்குதான். நிஜ ஆட்டத்தில் எல்லா உதைகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆனாலும் கணக்கு ஒரு பாடம் சொல்கிறது. எத்தனை முறை உதைக்க விடுகிறோம் என்பதைவிட, எங்கிருந்து உதைக்க விடுகிறோம் என்பது முக்கியமாக இருக்கலாம்.

இடம் ஏன் இவ்வளவு முக்கியம்? வடிவியலைக் கேட்போம். கோலின் அகலம் 7.32 மீட்டர். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று தாளில் வரைந்து பாகைமானியால் அளந்து பாருங்கள். கோலுக்கு நேர் எதிரே 11 மீட்டரில், அதாவது பெனால்டிப் புள்ளியில், நிற்பவனுக்கு இரண்டு கம்பங்களுக்கும் இடையே உள்ள கோணம் சுமார் 37 பாகை. நேர் எதிரே 25 மீட்டருக்குத் தள்ளினால் 17 பாகை. கோல் கோட்டிலிருந்து அதே 11 மீட்டர்தான், ஆனால் நடுவிலிருந்து 15 மீட்டர் பக்கவாட்டில் ஒதுக்கிவிட்டால் 14 பாகையே.

நேரத்தையும் பாருங்கள். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து நொடிக்கு 25 மீட்டர் கடக்கும். 11 மீட்டரிலிருந்து 0.44 நொடியில் கோலை அடையும். 25 மீட்டரிலிருந்து ஒரு நொடி; காற்றின் தடையால் இன்னும் சற்றுக் கூடும். கண் பார்த்து, மூளை உணர்ந்து, தசை அசையத் தொடங்கவே 0.2 நொடி வேண்டும். மீதி நேரத்தில்தான் கீப்பர் பாய வேண்டும். முதலில் அவருக்குக் கிடைப்பது 0.24 நொடி. இரண்டாவதில் 0.8 நொடி. மும்மடங்குக்கு மேல்!

ஆகவே 'தடுப்பதா, தாக்குவதா?' என்ற கேள்வியே சரியான கேள்வி அல்ல என்பது என் கருத்து. 'அவர்களை எந்த இடத்திலிருந்து உதைக்க விடப்போகிறோம்? நம் கையில் பந்து வந்தால் அதை எவ்வளவு நேரம் வைத்திருப்போம்?' என்பதுதான் கேள்வி. பந்து நம்மிடம் உள்ள நேரத்தில் எதிரணியால் கோல் போட முடியாது. பின்கள வீரர்களும் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். அந்த வகையில் பந்தை வைத்து ஆடுவதும் ஒரு தடுப்புதான்.

முடிவு மட்டும் போதுமா?

தோஹாவுக்குப் பிறகு கத்தாருடன் இந்தியா ஆடிய உலகக் கோப்பைத் தகுதி ஆட்டங்களையும் பாருங்கள். 2021 ஜூன் 3, தோஹா: 17-ஆம் நிமிடத்திலேயே ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, பத்துப் பேருடன் ஆடி 0-1. 2023 நவம்பர் 21, புவனேசுவரம்: 0-3. 2024 ஜூன் 11, மறுபடி தோஹா: சாங்தே அடித்த கோலால் முன்னிலை பெற்றும் 1-2. கத்தாரின் சமன்செய்த கோலுக்கு முன் பந்து எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டது என்று இந்திய அணி முறையிட்டது, கோல் செல்லுபடியாயிற்று. அந்தத் தோல்வியோடு அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பும் போயிற்று.

இந்த நான்கு முடிவுகளை மட்டும் வைத்து 'எந்தத் திட்டம் சிறந்தது' என்று சொல்ல முடியுமா? ஒன்றில் பத்துப் பேர். ஒன்றில் சொந்த மண். கடைசியில் கத்தார் களமிறக்கியது பெரும்பாலும் இளம் வீரர்களை. பெயர்தான் கத்தார், அணி அதே அணி அல்ல. சோதனையில் எல்லாமே ஒரே சமயத்தில் மாறினால், எது எதற்குக் காரணம் என்று எப்படிப் பிரிப்பது?

மரக்காணத்து உப்பளத்தை நினைத்துப் பாருங்கள். பாத்தியில் உப்பு விளைந்து நிற்கிறது. வானத்தில் மேகம் திரள்கிறது. இன்றே வாரிவிட்டால் கொஞ்சம் உப்பு நிச்சயம். இரண்டு நாள் விட்டால் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் மழை பெய்தால் எல்லாம் கரைந்துவிடும். ஒருவர் இன்றே வாரிவிட்டார். மழை பெய்யவில்லை. அவர் செய்தது தவறா? இல்லை. மேகத்தைப் பார்த்தபோது அவருக்கு என்ன தெரியுமோ அதை வைத்துத்தான் அவருடைய முடிவை எடைபோட வேண்டும். நல்ல முடிவு சில நாள் நட்டத்தில் முடியும். மோசமான முடிவு சில நாள் லாபத்திலும் முடியும். கால்பந்தும் அப்படித்தான். கோல்கள் மிகக் குறைவாக விழும் ஆட்டம் அது. ஆகையால் ஒரு கம்பத்தில் பட்ட பந்துகூட முடிவைப் புரட்டிவிடும்.

எண்ணினாலும் ஏமாறலாம்

சரி, ஓர் ஆட்டம் போதாது, ஆயிரம் ஆட்டங்களை எண்ணிவிடலாமே என்று கேட்பீர்கள். ஒருவர் எண்ணினார். இங்கிலாந்து விமானப்படையில் கணக்கு அதிகாரியாக இருந்த சார்லஸ் ரீப், 1950 முதல் பல ஆண்டுகள் ஆட்டங்களைக் குறிப்பெடுத்தார். பத்தில் எட்டு கோல்கள் மூன்று அல்லது அதற்கும் குறைவான பாஸ்களுக்குப் பிறகே விழுகின்றன என்று கண்டார். ஆகவே சுற்றிச் சுற்றி ஆடாமல், பந்தை நீளமாக முன்னே அடியுங்கள் என்றார். இங்கிலாந்தில் பல பயிற்சியாளர்கள் இவ்வழியை நம்பினார்கள்.

இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. கண்டுபிடிக்க முடிகிறதா? உங்கள் வகுப்பில் 40 பேர். 36 பேர் நடந்து வருகிறார்கள், 4 பேர் பஸ்ஸில். இன்று தாமதமாக வந்தவர்கள் 10 பேர். அவர்களில் 8 பேர் நடந்து வந்தவர்கள். 'நடந்து வந்தால் தாமதம்' என்று ஆசிரியர் முடிவு கட்டலாமா? நடந்தவர்களில் 36-க்கு 8 பேர்தான் தாமதம். பஸ்ஸில் வந்தவர்களிலோ 4-க்கு 2 பேர், சரிபாதி!

ரீப்பின் கணக்கும் இதே கதைதான். அவரே எண்ணியதில், மொத்த ஆட்ட நகர்வுகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் மூன்று பாஸுக்குள் முடிந்தவை. அப்படியிருக்க, கோல்களில் பத்தில் எட்டு அவற்றிலிருந்து வந்தது அதிகம் அல்ல, குறைவு! எண் பொய் சொல்லவில்லை; அதனிடம் கேட்ட கேள்விதான் பாதிக் கேள்வி.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

இதெல்லாம் வெறும் விளையாட்டுதானே, இவ்வளவு கணக்கு எதற்கு என்று தோன்றலாம். தோற்ற மறுநாள் நம் ஊர்களில் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். கோல் விட்ட கீப்பர் பையனை எல்லாரும் கேலி செய்கிறார்கள். எட்டு பந்துகளைத் தடுத்தது யாருக்கும் நினைவில் இல்லை. ஒன்பதாவது மட்டும் நினைவிருக்கிறது. அந்தப் பந்தை பெனால்டிப் புள்ளி அருகிலிருந்து உதைக்க விட்டது யார் என்றும் யாரும் கேட்பதில்லை. சிலநாளில் அவன் மைதானத்துக்கு வருவதையே நிறுத்திவிடுகிறான். தவறாகக் காரணம் தேடுவதன் விலை இது.

ஆகவே அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். விவாதம் சூடாக நடக்கட்டும். முடிவில் ஒரு நோட்டில் மூன்றை எழுதுங்கள். ஒன்று, நம் திட்டம் என்ன. இரண்டு, அது பலிக்கும் என்று ஏன் நம்புகிறோம். மூன்று, ஆட்டத்தில் எதைக் கண்டால் திட்டம் தவறு என்று ஒப்புக்கொள்வோம். 'தோற்றால்' என்று எழுதாதீர்கள். 'முதல் பாதியில் அவர்கள் பெனால்டிப் பகுதிக்குள்ளிருந்து ஐந்து முறைக்கு மேல் உதைத்தால்' என்பதுபோல் எண்ணக்கூடிய ஒன்றை எழுதுங்கள். கரையில் நிற்கும் இருவர், ஒவ்வொரு உதையும் எங்கிருந்து வந்தது என்று மைதானப் படத்தில் புள்ளி வைக்கட்டும்.

ஆட்டம் முடிந்ததும், கோல் கணக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்தப் புள்ளிகளைப் பாருங்கள். நான்கு கோல் வாங்கியும் திட்டம் சரியாக இருந்திருக்கலாம். 0-0 என்று முடிந்தும் அதிர்ஷ்டம்தான் காப்பாற்றியிருக்கலாம். எது என்பதை அந்தப் புள்ளிகளைக் கொண்டு எல்லாரும் சேர்ந்து விவாதியுங்கள். கீப்பரையும் அந்தப் பேச்சில் உட்கார வையுங்கள்.